வெளிநாட்டு எம்.பி.ஏ.: நான் கோட்டைவிட்ட இடங்கள்

போன வாரம் ஒரு தம்பி வாட்ஸ்அப்பில் படம் அனுப்பியிருந்தான். “அண்ணா, இந்த காலேஜில் 90 சதவீதம் பேருக்கு மூணே மாசத்தில் வேலையாம். கண்ணை மூடிக்கிட்டு சேரலாமா?”

நானும் அப்படிக் கண்ணை மூடிக்கொண்டு சேர்ந்தவன்தான். ரேங்கிங், ஜிமேட் மார்க் பற்றியெல்லாம் ஊரே பேசுகிறது, அதை விடுகிறேன்.

90 சதவீதம் சரி, எத்தனை பேரில்?

இதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்று கல்லூரி வெளியிடும் எம்ப்ளாய்மென்ட் ரிப்போர்ட்டை பிரின்ட் எடுத்து, சதவீதத்தின் மேல் மஞ்சள் ஹைலைட்டர் வேறு போட்டு வைத்திருந்தேன். தாளின் அடியில் பொடி எழுத்தில் இருந்த “வேலை தேடியவர்களில்” என்ற சொற்கள் கண்ணில் படவே இல்லை.

ஒரு கணக்குக்கு வகுப்பில் 100 பேர் என்று வையுங்கள். 15 பேரைக் கம்பெனியே படிக்க அனுப்பியது, அங்கேயே திரும்பிப் போவார்கள். 10 பேர் சொந்தத் தொழில். 5 பேர் “இப்போதைக்குத் தேடவில்லை”. இந்த 30 பேரும் கணக்கிலிருந்து கழன்றுவிடுவார்கள். மிச்சம் 70 பேரில் 63 பேருக்கு வேலை. ஆக, 90 சதவீதம், பொய்யே இல்லை. ஆனால் அந்த 70 பேரில் விசா தேவைப்படாத 40 பேருக்கும் வேலை கிடைத்திருந்தால், விசா தேவைப்படுகிற 30 பேரில் 23 பேருக்குத்தான் கிடைத்திருக்கிறது. நான் மிச்ச ஏழு பேர் பக்கம் நின்றேன்.

அமெரிக்கக் கல்லூரிகள் பலவற்றின் ரிப்போர்ட்டில் நிரந்தர வேலை அனுமதி உள்ளவர், இல்லாதவர் என்று தனித்தனி வரிசை இருக்கும். முதலில் அதைத் தேடுங்கள். இல்லையென்றால் மெயில் போட்டுக் கேளுங்கள். தம்பி கேட்டான், பதிலுக்கு பிரோஷர் வந்ததாம்!

சம்பளத்திலும் ஒரு சூட்சுமம் உண்டு. பைனான்சியல் டைம்ஸ் பத்திரிகையின் எம்.பி.ஏ. ரேங்கிங் பட்டியலில் இருப்பது வாங்கும் திறனுக்கு ஏற்ப மாற்றிய டாலர். விலைவாசி குறைந்த நாட்டில் வேலை பார்ப்பவரின் சம்பளம் அதில் ஊதித் தெரியும். அந்த டாலரை வைத்து இஎம்ஐ கட்ட முடியாது.

இன்டர்ன்ஷிப்பைப் பார்க்காதது

துறை மாற நினைப்பவருக்கு இதுதான் கதவு. பிரான்ஸின் இன்சியாட் கல்லூரியில் எம்.பி.ஏ. 10 மாதம். ஜனவரியில் சேர்ந்தால் நடுவே இன்டர்ன்ஷிப்புக்கு இடைவெளி உண்டு, ஆகஸ்ட் பேட்சுக்குக் கிடையாது. அதே பட்டம்தான்.

ஸ்டெம்மா என்று கேட்காதது

அமெரிக்காவில் படிப்பு முடிந்ததும் அங்கேயே வேலை பார்க்கத் தரும் அனுமதிக்கு ஓ.பி.டி. என்று பெயர், அது 12 மாதம். ஸ்டெம், அதாவது அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம் என்ற வகையில் சேர்த்த படிப்பென்றால் மேலும் 24 மாதம் நீட்டிக்க விண்ணப்பிக்கலாம். சேரும் முன்பே கேளுங்கள்.

ஃபீஸை மட்டும் கூட்டுவது

விட்டுவிட்டுப் போகிற 2 வருடச் சம்பளமும் ஃபீஸ்தான்.

கல்லூரி காட்டும் ஆளிடம் மட்டும் பேசுவது

அவர் ஜெயித்தவர், அதனால்தான் காட்டுகிறார்கள். லிங்க்ட்இனில் அந்த பேட்சைத் தேடி, படிப்பு முடிந்து ஏழெட்டு மாதம் வெற்றிடமாக இருக்கிற புரொஃபைல்காரருக்கு ஒரு மெசேஜ் போடுங்கள். நிறைய பேர் பேசுவார்கள். அப்புறம் நிறுத்தவும் மாட்டார்கள்.