‘நாளைக்குப் பார்க்கலாம்’: நோயுற்ற நாய் விஷயத்தில் நாம் செய்யும் தவறுகள்

நாயைத் தூக்கிக்கொண்டு வருபவர்களிடம் கால்நடை மருத்துவர் முதலில் கேட்பது, ‘எத்தனை நாளாக இப்படி இருக்கிறது?’ என்பதுதான். பதில் கொஞ்சம் தயங்கித்தான் வரும். ‘நேற்றுவரை நன்றாகச் சாப்பிட்டது, டாக்டர்.’ அவர் பொய் சொல்லவில்லை. வைத்த சோற்றைத் தின்றதா, இல்லையா என்ற ஒரே அளவுகோலை வைத்து நாயின் உடல்நிலையைக் கணித்துவந்திருக்கிறார், அவ்வளவுதான். தாமதமாக வருபவர்கள் எல்லோரும் கல்நெஞ்சக்காரர்கள் அல்ல. பெரும்பாலோர் தவறான அடையாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள்.

பல நோய்களில் நாய் உணவை நிறுத்துவது கடைசிக் கட்டத்தில்தான். உண்ணிக் காய்ச்சலையே எடுத்துக்கொள்ளுங்கள். உண்ணி கடித்துக் கிருமி உடலில் ஏறியதும் சில நாள் காய்ச்சல், சோர்வு இருக்கும். பிறகு தானாகவே தேறியது போலத் தெரியும். வாலாட்டும், சாப்பிடும், கேட் ஓரம் நின்று குரைக்கும். ரத்தம் உறைய உதவும் ரத்தத்தட்டுகள் உள்ளே குறைந்துகொண்டிருப்பது வெளியே தெரியாது. மாதங்கள் கழித்து ஒருநாள் மூக்கிலிருந்து ரத்தம் வடியும்போதுதான் வீடு பதறும்.

சோற்றுத் தட்டைவிட நம்பகமான இடம் ஈறு. மேலுதட்டைத் தூக்கிப் பாருங்கள்; இளஞ்சிவப்பாக, ஈரமாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் பழைய நிறத்துக்குத் திரும்ப வேண்டும். காகிதம்போல வெளுத்திருந்தாலும், மஞ்சள் ஓடியிருந்தாலும், நீலம் பாரித்திருந்தாலும் அன்றே மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டியதுதான். ஈறு கறுத்த நாய்களுக்குக் கீழ் இமையை மெல்ல இறக்கி உட்புறத்தைப் பார்க்கலாம். நாய் நலமாக இருக்கும்போதே இதைச் சில முறை செய்து பழகினால், அதன் இயல்பான நிறம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். நாயும் வாயைத் தொடவிடும்.

மூக்கு ஈரமாக இருந்தால் காய்ச்சல் இல்லை என்பது நம்பிக்கை மட்டுமே. தூங்கி எழுந்த நாய்க்கு மூக்கு காய்ந்திருக்கும். கடும் காய்ச்சலில் கிடக்கும் நாய்க்கு ஈரமாகவும் இருக்கலாம். நாயின் இயல்பான வெப்பநிலை சுமார் 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். மருந்துக் கடையில் கிடைக்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டரின் முனையில் வாசலைன் தடவி ஆசனவாயில் வைத்துப் பார்ப்பதுதான் சரியான வழி. கூச்சப்பட ஒன்றுமில்லை, அந்தத் தெர்மாமீட்டரை நாய்க்கென்று தனியாக வைத்துக்கொண்டால் போதும். 98.6 மட்டுமே தெரிந்த நமக்கு நாயின் 101.5 காய்ச்சலாகத் தெரியும். உடனே கை மருந்து டப்பாவுக்குப் போகும்.

அந்தக் கைதான் அடுத்த தவறைச் செய்கிறது. ‘குழந்தைக்கே கொடுக்கிறோம், நாய்க்கு என்ன செய்துவிடும்?’ என்று பாராசிட்டமால் கொடுப்பவர்கள் ஏராளம். அளவு மீறினால் அது நாயின் கல்லீரலைக் கெடுக்கும், ரத்தம் ஆக்ஸிஜனைச் சுமக்கும் திறனையும் குலைக்கும். பூனைக்கு ஒரே மாத்திரை உயிரைப் பறிக்கலாம். இபுபுரூஃபனும் டைக்ளோஃபினாக்கும் இன்னும் மோசம்: வயிற்றில் புண், ரத்த வாந்தி, சிறுநீரகச் செயலிழப்பு. நொண்டும் நாய்க்கு வீட்டிலிருக்கும் மூட்டுவலி மாத்திரையைக் கொடுத்தவர்கள் அதை மருத்துவரிடம் மறைப்பதும் வழக்கம். திட்டுவாரோ என்ற பயம்தான். அது தெரியாமல் அவர் இன்னொரு வலி மருந்தைப் போட்டால் இரண்டும் சேர்ந்து குடலை ஓட்டையாக்கும். என்ன மாத்திரை, எத்தனை மணிக்கு, எவ்வளவு என்று சொல்லிவிடுங்கள். திட்டினால் திட்டட்டும்.

மருந்தைப் பாதியில் நிறுத்துவதும் இதே வகைதான். உண்ணிக் காய்ச்சலுக்கு டாக்சிசைக்ளின் எழுதினால் வழக்கமாக 28 நாள் கொடுக்கச் சொல்வார்கள். இரண்டு மூன்று நாளில் காய்ச்சல் இறங்கி நாய் துள்ள ஆரம்பித்துவிடும். மீதி அட்டை அலமாரிக்குப் போகும். அடுத்த ஆண்டு வேறு ஏதோ நோய்க்கு அதே அட்டை வெளியே வரும். இரண்டுமே தவறு.

குட்டி என்றால் கணக்கே வேறு

வளர்ந்த நாய் ஒருமுறை வாந்தி எடுத்துவிட்டு, மற்றபடி சுறுசுறுப்பாக இருந்தால் அரை நாள் கவனித்துப் பார்க்கலாம். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டிக்கு அந்தச் சலுகை கிடையாது. முதலில் வாந்தி, பிறகு சோர்ந்து மூலையில் சுருண்டுகொள்வது, அதன்பின் ரத்தம் கலந்த கழிச்சல். ஒருமுறை முகர்ந்தவர்களுக்கு அந்த நாற்றம் மறக்காது. பார்வோ வைரஸ் இப்படித்தான் வருகிறது. ‘வயிற்றில் புழு இருக்கும்’ என்று பூச்சி மருந்து ஊற்றுவார்கள். அதுவும் வாந்தியாக வெளியே வரும். ‘தெம்பில்லை’ என்று பால் புகட்டுவார்கள், கழிச்சல் கூடும். தலையைத் தூக்க முடியாத குட்டிக்குச் சிரிஞ்சால் தண்ணீர் ஊற்றினால் அது நுரையீரலுக்குள் இறங்கும்.

பார்வோவுக்குப் பெரும்பாலும் தரப்படுவது துணைச் சிகிச்சைதான்: டிரிப் ஏற்றி நீர்ச்சத்தையும் உப்புகளையும் ஈடுகட்டுவது, வாந்தியை அடக்குவது, சிதைந்த குடல் வழியாகப் பாக்டீரியா ரத்தத்தில் ஏறாமல் காப்பது. குட்டியின் உடல் தானே வைரஸை வெல்லும்வரை அதைத் தாங்கிப் பிடிக்கிறார்கள். அதனால்தான் முதல் வாந்தியன்று வரும் குட்டிக்கும் மூன்றாம் நாள் துணியில் சுருட்டி வரும் குட்டிக்கும் பிழைக்கும் வாய்ப்பில் அவ்வளவு வித்தியாசம்.

‘ஊசி போட்டாயிற்றே’ என்பார்கள். ஒரு ஊசி போதாது. ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வார இடைவெளியில், 16 வார வயதுவரை தொடர வேண்டும். குட்டி இறந்த துயரத்தில் அடுத்த வாரமே இன்னொரு குட்டியை அதே இடத்துக்குக் கொண்டுவருவது அதைவிடப் பெரிய தவறு. இந்த வைரஸ் தரையிலும் மண்ணிலும் மாதக்கணக்கில் உயிர்ப்போடு இருக்கும். வழக்கமான பினாயிலுக்கு அசையாது, பிளீச்சிங் கரைசல்தான் வேலை செய்யும்.

நன்றாக இருப்பதுபோல் தெரியும் நாட்கள்

மிக அதிகமாக ஏமாற்றுவது எலி மருந்து. இன்று கடைகளில் கிடைக்கும் எலிவில்லைகளில் பல, ரத்தம் உறைவதைத் தடுக்கும் வகையைச் சேர்ந்தவை. நாய் வில்லையைக் கடித்துத் தின்றதைக் கண்ணாலேயே பார்த்திருப்பார்கள். அன்று ஒன்றும் ஆகாது, மறுநாளும் ஓடியாடும். ‘இதுக்கெல்லாம் செரித்துவிடும்’ என்று நிம்மதியாகிவிடுவார்கள். ரத்தத்தை உறையவைக்க உடலில் கையிருப்பாக இருக்கும் காரணிகள் தீரும்வரைதான் அந்த நிம்மதி. மூன்று முதல் ஐந்து நாளில் மூச்சிரைப்பு, வெளுத்த ஈறு, இருமலில் ரத்தம். தின்ற இரண்டு மணி நேரத்துக்குள் கொண்டுபோனால் மருத்துவர் வாந்தி எடுக்கவைத்து விஷத்தின் பெரும்பகுதியை வெளியேற்றிவிடுவார். தேவைப்பட்டால் வைட்டமின் கே1 வாரக்கணக்கில் கொடுத்துக் காப்பாற்றுவார். வேறு வகை எலி மருந்துகளுக்கு இந்த முறிவு மருந்து உதவாது. ஆகவே கவரை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். வீட்டிலேயே உப்புத் தண்ணீரைப் புகட்டி வாந்தி எடுக்கவைப்பது இன்னொரு விஷத்தைக் கொடுப்பதாகவே முடியும்.

கருத்தடை செய்யாத பெட்டை நாய் பருவத்துக்கு வந்து ஒன்றிரண்டு மாதத்தில் வழக்கத்தைவிட அதிகமாகத் தண்ணீர் குடித்தால், ‘வெயில்’ என்று விட்டுவிடக் கூடாது. கருப்பையில் சீழ் பிடித்திருக்கலாம். வெளியே சீழ் வடிந்தால் உங்கள் அதிர்ஷ்டம், கண்ணுக்குத் தெரிகிறது. கருப்பைவாய் மூடிக்கொண்டால் எதுவும் வடியாது, வயிறு மட்டும் உப்பும். இரண்டுக்குமே தீர்வு பெரும்பாலும் அறுவை சிகிச்சைதான்.

கிரேட் டேன், ஜெர்மன் ஷெப்பர்டு போன்ற ஆழ்ந்த மார்புள்ள பெரிய நாய்கள் வாந்திக்கு முயன்று எதுவும் வராமல், வயிறு பறைபோல் உப்பி நின்றால் விடியும்வரை காத்திருக்க நேரமில்லை. இரைப்பை முறுக்கிக்கொண்டிருக்கக்கூடும்.

நாட்டு நாய்க்கு எதுவும் ஆகாது என்ற பெருமையையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் நம் வெயிலைத் தாங்கும். பார்வோவும் எலி விஷமும் இனம் பார்ப்பதில்லை.

தொண்டையில் எலும்பா?

இந்தத் தவறு நாயை மட்டுமல்ல, மனிதரையும் கொல்லும். வாய் திறந்தபடி, எச்சில் ஒழுக, விழுங்க முடியாமல் நிற்கும் நாயைப் பார்த்தவுடன், ‘எலும்பு சிக்கியிருக்கிறது’ என்று வாய்க்குள் கையை விடுகிறார்கள். தாடை தொங்கிப்போவது வெறிநோயின் அடையாளமாகவும் இருக்கலாம். கையை விடாதீர்கள், கட்டிவைக்க முடிந்தால் கட்டிவைத்துவிட்டு மருத்துவரை அழையுங்கள். எச்சில் பட்டுவிட்டால் அந்த இடத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே அரசு மருத்துவமனையில் உங்களுக்கான ஊசியைப் போட்டுக்கொள்ளுங்கள்.

புழு வைத்த புண்ணில் பெட்ரோலும் மண்ணெண்ணெயும் ஊற்றும் பழக்கம் இன்னும் போகவில்லை. சதை வெந்துபோகும், நாய் நக்கினால் குடலும் கெடும்.

சட்டம் இதில் மௌனமாக இல்லை. 1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் மூன்றாம் பிரிவு, விலங்கை வைத்திருப்பவர் அதன் நலனைக் காக்கவும் தேவையற்ற வலியைத் தடுக்கவும் நியாயமான எல்லா நடவடிக்கைகளையும் எடுக்க வேண்டும் என்கிறது. முதல்முறை வதைக் குற்றத்துக்கு அந்தச் சட்டம் வைத்திருக்கும் அபராதம் 10 முதல் 50 ரூபாய். அந்தப் பணத்துக்கு இன்று ஒரு பாக்கெட் பிஸ்கெட் வாங்கலாம்.

எங்கே போவது என்பதை நாய் நலமாக இருக்கும்போதே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். 1903இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை சென்னை வேப்பேரியில் இருக்கிறது. நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு ஆகிய ஊர்களிலும் அரசுக் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. பக்கத்திலுள்ள அரசு கால்நடை மருந்தகம் எத்தனை மணிவரை திறந்திருக்கும், இரவிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் எந்தக் கிளினிக்கில் ஆள் இருப்பார், நாயை ஏற்றிக்கொள்ளும் ஆட்டோக்காரர் யார் என்பதையெல்லாம் போனில் குறித்துவையுங்கள். வலிப்பு வந்தால் அதை வீடியோ எடுங்கள். மருத்துவரின் முன் அது வராது. தடுப்பூசி அட்டையும், வாந்தி அல்லது மலத்தின் புகைப்படமும் உங்கள் அரைமணி நேர விளக்கத்தைவிட அதிகம் சொல்லும்.

பணம்தான் தடை என்றால் அதை முதலிலேயே மருத்துவரிடம் சொல்லலாம். ‘கையில் இவ்வளவுதான் இருக்கிறது’ என்று சொன்னால், எந்தப் பரிசோதனை இன்றே அவசியம், எது காத்திருக்கலாம், எதை அரசு மருத்துவமனையில் செய்துகொள்ளலாம் என்று அவர் பிரித்துக் கொடுப்பார். முதல் நாளில் வந்தால்தான் அப்படிப் பிரிப்பதற்கு இடம் இருக்கும்.