கேனில் வரும் ரெட் ஒயினை ரசித்துக் குடிப்பது எப்படி?

375 மில்லி கேன் ஒன்று என்பது அரை பாட்டில் ஒயின். வேறெதைப் படிக்காவிட்டாலும் இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பார்க்க பீர் கேன் மாதிரி இருக்கிறது, கடையிலும் பீருக்குப் பக்கத்திலேயே அடுக்கி வைக்கிறார்கள். அதனால் நாமும் பீர் மாதிரியே குடித்துவிடுகிறோம். கலிஃபோர்னியாவுக்கு வந்த முதல் கோடையில் நான் அப்படித்தான் குடித்தேன். ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த கையோடு, கேனிலேயே வாய் வைத்து, மடமடவென்று. துவர்ப்பைத் தவிர நாக்கில் ஒன்றும் நிற்கவில்லை. அரை மணி நேரத்தில் தலை கனத்தது. சில மாதம் கழித்து ஒரு நண்பர் வீட்டில் அதே ஒயினைக் கிளாஸில் ஊற்றி, குளிர் தணிந்த பிறகு கொடுத்தார். அது வேறு ஒயின் என்றே நினைத்தேன். அவர் செய்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

1. கடையில் லேபிளைப் படியுங்கள்

தொடங்குபவர்களுக்கு நான் சொல்வது கலிஃபோர்னியா ரெட் பிளெண்ட். பிளெண்ட் என்றால் பல வகைத் திராட்சை சேர்ந்தது. அமெரிக்காவில் ஒரு திராட்சையின் பெயரை லேபிளில் போட வேண்டுமென்றால் பொதுவாக அந்தத் திராட்சை குறைந்தது 75 சதவீதம் இருக்க வேண்டும். எதுவும் அந்த அளவுக்கு இல்லையென்றால் ‘ரெட் ஒயின்’ அல்லது ‘ரெட் பிளெண்ட்’ என்று போட்டுவிடுவார்கள்.

மிச்சம் மீதியைக் கலந்து அடைத்தது என்று நினைக்க வேண்டாம். பிரான்சின் போர்தோ வட்டார ரெட் ஒயின்களில் பெரும்பாலானவை கேபர்நே சவிஞான், மெர்லோ என்ற திராட்சைகள் கலந்தவைதான். கலிஃபோர்னியாவின் பழைய தோட்டங்களில் ஜின்ஃபண்டெலுக்கு நடுவே பெட்டீட் சிரா, கரிஞான் கொடிகளையும் நட்டு, எல்லாவற்றையும் சேர்த்தே பறித்து நொதிக்க வைத்தார்கள். ஜின்ஃபண்டெல் பழச்சுவையைத் தரும், பெட்டீட் சிரா நிறத்தையும் துவர்ப்பையும் தரும், கரிஞான் புளிப்பைத் தரும். சாம்பார்ப் பொடியில் மல்லியும் மிளகாயும் பருப்பும் ஒன்றையொன்று தாங்குவது போலத்தான். ஒரே திராட்சை ஒயினைவிட இது பல சமயம் முரட்டுத்தனம் குறைந்து இருப்பதால் புதியவர்களுக்கு எளிது.

அப்புறம் ஊர்ப்பெயரைப் பாருங்கள். வெறும் ‘கலிஃபோர்னியா’ என்றிருந்தால் மாநிலத்தின் எந்த மூலையிலிருந்தும் திராட்சை வந்திருக்கலாம். லோடை, பாசோ ரோப்ளஸ் மாதிரி குறிப்பிட்ட வட்டாரத்தின் பெயர் இருந்தால், 85 சதவீதமாவது அங்கே விளைந்ததாக இருக்க வேண்டும் என்பது சட்டம். விலை ஒன்றாக இருந்தால் நான் ஊர்ப்பெயர் உள்ளதையே எடுப்பேன்.

கடைசியாக, அறுவடை ஆண்டோ கேனில் அடைத்த தேதியோ இருக்கிறதா என்று கேனின் அடிப்பக்கத்தையும் சேர்த்துப் பாருங்கள். கேன் ஒயின் பரணில் வைத்து முதிர விடுவதற்கானது அல்ல. அலுமினியம் ஒயினைத் தொடாமல் இருக்க உள்ளே மெல்லிய பூச்சு கொடுத்திருப்பார்கள். ஒயின் கெடாமல் இருக்கச் சேர்க்கும் சல்ஃபர் டை ஆக்சைடு நாளாக ஆக அந்தப் பூச்சைத் தாண்டி அலுமினியத்தோடு வினைபுரிந்தால் அழுகின முட்டை வாடை வரும். ரெட் ஒயினில் இந்தத் தொல்லை பொதுவாக வெள்ளை ஒயினைவிடக் குறைவு. இருந்தாலும் அடைத்து ஒரு வருடத்துக்குள் குடித்துவிடுவது நல்லது. நசுங்கிய கேன் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம், உள்பூச்சு விரிசல் விட்டிருக்கலாம்.

2. குளிர வையுங்கள், ஆனால் அளவாக

‘ரெட் ஒயினை அறை வெப்பநிலையில் குடிக்க வேண்டும்’ என்று கேட்டிருப்பீர்கள். அது ஐரோப்பாவின் பழைய குளிர்ந்த வீடுகளின் கணக்கு. கோடையில் நம் அறை 28 டிகிரியில் இருக்கும். அந்தச் சூட்டில் ஆல்கஹால் நெடிதான் முன்னால் வந்து நிற்கும். நேர்மாறாக ஃப்ரிட்ஜின் 4 டிகிரியில் வாசனை அடங்கி, துவர்ப்பு மட்டும் தூக்கலாகத் தெரியும். இந்த வகைக்கு 15 முதல் 18 டிகிரிதான் சரி.

வெளியே இருந்த கேனை அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள். மெல்லிய உலோகம் என்பதால் கண்ணாடி பாட்டிலைவிடச் சீக்கிரம் குளிரும். இரவெல்லாம் ஃப்ரிட்ஜிலேயே இருந்ததென்றால், கிளாஸில் ஊற்றிக் குளிர் தணியும்வரை விடுங்கள். தொட்டால் இதமான குளிர்ச்சி, அவ்வளவு போதும். ஃப்ரீசரில் வைத்துவிட்டு மறந்துவிடாதீர்கள், ஒயின் உறைந்தால் விரிந்து கேனைப் பிளந்துவிடும்.

3. கிளாஸில் ஊற்றுங்கள்

இந்தப் படியைத் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். நாம் சுவை என்று சொல்வதில் பெரும்பகுதி மூக்கின் வேலை. கேனில் வாய் வைத்துக் குடித்தால் மூக்குக்கு எதிரே இருப்பது அலுமினிய மூடி. வாசனை வர வழியே இல்லை. தண்டு வைத்த ஒயின் கிளாஸ்தான் வேண்டும் என்றில்லை. அடி அகன்று வாய் குறுகிய எந்தக் கிளாஸும் சரி. சுற்றுலாவுக்குப் போனால் லேசான பிளாஸ்டிக் டம்ளரை எடுத்துக்கொண்டு போங்கள்.

திறக்கும்போது ‘புஸ்’ என்று சத்தம் வந்தால் பயப்பட வேண்டாம். பீரில் இருப்பது போன்ற வாயு இந்த ஒயினில் இல்லை என்பதால், மூடுவதற்கு முன் ஒரு துளி திரவ நைட்ரஜன் விடுவார்கள். அது ஆவியாகி ஆக்சிஜனை வெளியேற்றும், மெல்லிய கேன் நசுங்காமல் உள்ளிருந்து அழுத்தமும் கொடுக்கும்.

கிளாஸில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றாதீர்கள். இரண்டு சுற்றுச் சுழற்றி, முகர்ந்து பாருங்கள். லேசாகத் தீக்குச்சி நெடியோ முட்டை வாடையோ அடித்தால் பத்து நிமிடம் விட்டுவிடுங்கள், பெரும்பாலும் போய்விடும். போகவில்லையென்றால் அந்தக் கேன் சரியில்லை, கொட்டிவிடலாம்.

4. சுவையுங்கள்

இங்கே நமக்கு ஒரு வசதி இருக்கிறது. ரெட் ஒயினின் முதுகெலும்பு டானின். ஆங்கிலத்தில் அதை விளக்கப் பத்து வரி எழுதுகிறார்கள். நமக்கு அறுசுவையில் ஒன்றாகவே வந்துவிடுகிறது: துவர்ப்பு. வாழைப்பூவும் கடுக்காயும் தின்று வளர்ந்த நாக்குக்கு டானினை யாரும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை.

சின்ன மடக்கு எடுத்து உடனே விழுங்காமல் வாய் முழுக்கப் பரவ விடுங்கள். முதலில் பழம் தெரியும். நாவல் பழமா, பிளம்ஸா, ஜாம் மாதிரியா என்று யோசியுங்கள். அடுத்து நாக்கின் ஓரங்களில் எச்சில் ஊறுகிறதா? அது புளிப்பு. ஈறும் கன்னத்தின் உட்புறமும் வறண்டு பிடிக்கிறதா? அது துவர்ப்பு. விழுங்கிய பிறகு தொண்டையில் இளஞ்சூடு தெரிந்தால் அது ஆல்கஹால். நல்ல பிளெண்டில் இவற்றில் எதுவும் மற்றதை அமுக்காது. விழுங்கிப் பத்து விநாடி கழித்தும் பழச்சுவை வாயில் நின்றால் நல்ல கேனைத்தான் வாங்கியிருக்கிறீர்கள்.

5. கூட என்ன சாப்பிடலாம்?

சிரா திராட்சை (மேலே சொன்ன பெட்டீட் சிரா வேறு) சேர்ந்த பிளெண்ட் கிடைத்தால் மிளகு தூக்கலாகப் போட்ட மட்டன் சுக்காவோடு குடித்துப் பாருங்கள். நம் மிளகுக்கு அந்த வாசனையைக் கொடுக்கும் ரோட்டண்டோன் என்ற பொருள்தான் சிராவின் மிளகு வாசனைக்கும் காரணம் என்று ஆஸ்திரேலிய ஒயின் ஆராய்ச்சி நிலையத்தினர் 2008-இல் வெளியிட்டார்கள். அந்த ஆய்வில் கலந்துகொண்டவர்களில் ஐந்தில் ஒருவருக்கு அந்த வாசனை தெரியவே இல்லை. உங்களுக்கு மிளகு தெரியவில்லையென்றால் அதற்கு ஒயின் காரணமாக இருக்க வேண்டியதில்லை.

மிளகு சரி, மிளகாய் வேண்டாம். ஆல்கஹாலும் துவர்ப்பும் மிளகாய் எரிச்சலைக் கூட்டிவிடும். புளிக்குழம்போடும் ரசத்தோடும் குடித்தால் ஒயின் சப்பென்று ஆகிவிடுகிறது. உப்பும் கொழுப்பும் துவர்ப்பை மென்மையாக்கும். அதனால் வறுத்த முந்திரி, சீஸ், மிளகுக் காளான் வறுவல் எல்லாம் நன்றாகப் பொருந்தும்.

6. அளவு

13.5 சதவீத ஆல்கஹால் உள்ள 375 மில்லி கேனில் சுமார் 40 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. அமெரிக்கக் கணக்கில் 14 கிராம்தான் ஒரு டிரிங்க். 5 சதவீத ஆல்கஹால் உள்ள 355 மில்லி பீர் கேன் ஒன்றில் இருப்பது அவ்வளவே. ஆக, ஒரு ஒயின் கேன் கிட்டத்தட்ட மூன்று பீருக்குச் சமம். இருவர் பகிர்ந்துகொள்ள ஒரு கேன் சரியான அளவு. தனியாகக் குடிப்பதென்றால் 187 மில்லி கேன் தேடுங்கள். பக்கத்தில் தண்ணீர் இருக்கட்டும், வண்டிச் சாவி வேறொருவரிடம் இருக்கட்டும். திறந்த கேனோடு காரில் உட்கார்ந்திருப்பது, ஓட்டாதவராக இருந்தாலும், கலிஃபோர்னியாவில் குற்றம். 21 வயது ஆகாதவர்களுக்கு இந்தப் பதிவே இல்லை.

7. மிச்சம் இருந்தால்

கேனைத் திரும்ப மூட முடியாது. கழுவிக் காயவைத்த சின்னக் கண்ணாடி பாட்டிலில் கழுத்துவரை ஊற்றி, காற்று இல்லாமல் மூடி ஃப்ரிட்ஜில் வையுங்கள். மறுநாள் நன்றாகவே இருக்கும். அதற்கு மறுநாள் பழச்சுவை மங்கத் தொடங்கும். காலி கேனைத் தூக்கிப் போடாதீர்கள். 2024 ஜனவரி முதல் கலிஃபோர்னியாவில் ஒயின் கேனுக்கும் 5 சென்ட் வைப்புத் தொகை உண்டு, மறுசுழற்சி மையத்தில் கொடுத்தால் திரும்பக் கிடைக்கும்.