சென்னையைச் சுற்றிப் பார்க்கக் கிளம்புமுன்: கிழமையும் நேரமும் பார்க்காமல் செய்யும் தவறுகள்

சென்னையில் என்னென்ன பார்க்கலாம் என்று யாரைக் கேட்டாலும் அதே பட்டியல்தான் வரும். மெரினா, கபாலீசுவரர் கோயில், கோட்டை, எழும்பூர் அருங்காட்சியகம், சாந்தோம், வண்டலூர், மாமல்லபுரம். பட்டியலில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் எந்த இடத்துக்கு எந்தக் கிழமை விடுமுறை, எங்கே எத்தனை மணிக்கு நடை சாத்துவார்கள் என்பதை அதோடு சேர்த்து யாரும் சொல்வதில்லை. லீவு போட்டுக் குடும்பத்தோடு வந்து, பூட்டிய கேட்டுக்கு முன்னால் நின்று செல்ஃபி எடுத்துத் திரும்புகிறவர்களைத் தினமும் பார்க்கலாம்.

ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு விடுமுறைக் கிழமை

இந்த ஊரில் பொதுவான வார விடுமுறை என்று ஒன்று கிடையாது. எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்கும் புனித ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கும் அருங்காட்சியகத்துக்கும் வெள்ளிக்கிழமை விடுமுறை. வண்டலூர் உயிரியல் பூங்கா, கிண்டி சிறுவர் பூங்கா, அதை ஒட்டிய பாம்புப் பண்ணை, முட்டுக்காட்டு தட்சிணசித்ரா எல்லாம் செவ்வாய். மெரினா கலங்கரை விளக்கமும் கிழக்குக் கடற்கரைச் சாலை முதலைப் பண்ணையும் திங்கள். அடையாறு பிரம்மஞான சபைத் தோட்டமும் கலாக்ஷேத்ராவும் ஞாயிறு.

இதனால் வரும் சிக்கலைப் பாருங்கள். வெள்ளி, சனி, ஞாயிறு என்று மூன்று நாள் கிடைத்ததும் பலர் முதல் நாளே எழும்பூரையும் கோட்டையையும் வைத்துக்கொள்கிறார்கள். இரண்டுமே அன்று இருக்காது. வெள்ளிக்குக் கோயில்களும் சாந்தோமும் போதும், அருங்காட்சியகத்தைச் சனிக்குத் தள்ளுங்கள். செவ்வாய் ஒரு நாள்தான் கையில் இருக்கிறது, கூடவே சின்னப் பிள்ளைகள் என்றால் பூங்கா ஆசையை விட்டுவிட வேண்டியதுதான். பண்டிகையை ஒட்டிச் சில நேரம் விடுமுறைக் கிழமையிலும் வண்டலூரைத் திறப்பதுண்டு. அந்த அறிவிப்பு அதற்கு முந்தைய சில நாள்களில்தான் வரும், அதை நம்பி ரயில் டிக்கெட் எடுக்காதீர்கள். ஜனவரி 26, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாள்களில் எழும்பூர் அருங்காட்சியகம் திறக்காது.

நாள்காட்டியில் சுழித்து வைக்க வேண்டிய இன்னொரு நாள் காணும் பொங்கல். ஊரே கடற்கரைக்கும் வண்டலூருக்கும் மாமல்லபுரத்துக்கும் கிளம்பிவிடும். அன்று யாரும் நீரில் இறங்காதபடி மெரினாவில் சவுக்குக் கட்டைகளால் தடுப்புக் கட்டுவார்கள், பிள்ளைகள் தொலைந்தால் கண்டுபிடிக்கக் கையில் போன் நம்பர் எழுதிய பட்டை கட்டிவிடுவார்கள். கூட்டத்தையே வேடிக்கை பார்க்க வேண்டும் என்றால் வாருங்கள். கடலைப் பார்க்க என்றால் வேறு நாள் வாருங்கள்.

மதியம் பன்னிரண்டு மணிக்குக் கோயில் வாசலில் நிற்பது

காலையில் ஓட்டலில் சாவகாசமாக டிபன் முடித்து, கோட்டையைப் பார்த்து, மெரினாவில் இறங்கி, கபாலீசுவரர் கோயிலுக்கு வரும்போது மணி பன்னிரண்டரை. நடை சாத்தியிருப்பார்கள், மறுபடி திறக்க நான்கு மணி ஆகும். திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோயிலிலும் ஏறத்தாழ இதே கணக்குத்தான். நடுவில் இருக்கும் மூன்றரை மணி நேரத்துக்குப் போக்கிடம் இல்லாமல் ஏதாவது ஒரு மாலுக்குள் நுழைந்தால் அன்றைய நாள் அதோடு சரி.

அதனால் கோயிலைக் காலை ஆறிலிருந்து ஒன்பதுக்குள் முடித்துவிடுங்கள். வெயில் ஏறிய பிறகு வெளிப் பிராகாரத்துக் கல் காலைச் சுடும், அதற்கும் இந்த நேரம்தான் நல்லது. நடுப்பகலுக்கு அருங்காட்சியகம். எழும்பூரில் காலை ஒன்பதரை முதல் மாலை ஐந்து வரை இடைவேளை கிடையாது. டிக்கெட் கவுன்ட்டரை அதற்குக் கொஞ்சம் முன்பே மூடிவிடுவார்கள் என்பதால் நான்கு மணிக்கு மேல் போவதில் பயனில்லை.

மயிலாப்பூருக்கு மாலையில்தான் வர முடியும் என்றால் பிரதோஷமா என்று காலண்டரில் பார்த்துக்கொள்ளுங்கள். அன்று நாலரையிலிருந்து ஆறு வரை நந்தியைச் சுற்றி நிற்க இடம் இருக்காது. பக்திக்கு வருகிறவர்களுக்கு அது நல்ல நாள். கோபுரத்தையும் குளத்தையும் நிதானமாகப் பார்க்க வருகிறவர்களுக்கு அல்ல. பங்குனிப் பெருவிழாவில் தேர், அறுபத்து மூவர் நாள்களில் மாட வீதிகளுக்குள் வண்டியே வராது, நடந்துதான் போக வேண்டும்.

சாந்தோம் பேராலயம் கோயிலிலிருந்து நடக்கும் தூரம். இப்போதுள்ள வெள்ளைக் கட்டடம் 1896-இல் கட்டி முடிந்தது. பலர் உள்ளே போய்ப் பலிபீடத்தைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிவிடுகிறார்கள். புனித தோமாவின் கல்லறைச் சிற்றாலயம் கீழே இருக்கிறது. அதற்கு ஆலயத்தின் பின்பக்கம் தனி வழி. அதை விட்டுவிட்டால் சாந்தோம் பார்த்ததாகக் கணக்கில்லை.

எழும்பூரை அரை மணி நேரத்தில் முடிப்பது

எங்களைக் கேட்டால் சென்னைப் பயணத்தில் நடக்கும் மிகப் பெரிய தவறு இதுதான். 1851-இல் தொடங்கிய இந்த அருங்காட்சியகம் ஒரே கட்டடம் அல்ல, ஒரு வளாகம். முன்னால் இருக்கும் கூடங்களில் திமிங்கில எலும்புக்கூட்டையும் பாடம் செய்த விலங்குகளையும் பார்த்து முடிப்பதற்குள் பிள்ளைகள் சோர்ந்துவிடுவார்கள். ‘பார்த்தாச்சு, போகலாம்’ என்று கிளம்பிவிடுவார்கள். செப்புத் திருமேனிகள் இருப்பது வேறு கட்டடத்தில். டிக்கெட் வாங்கியதும் முதலில் அங்கே போங்கள். திமிங்கிலம் எங்கும் ஓடிவிடாது.

உள்ளே போனதும் எல்லாச் சிலைகளையும் ஒரே வேகத்தில் கடக்காமல் திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரர் முன் பத்து நிமிடம் நில்லுங்கள். பதினோராம் நூற்றாண்டுச் சோழர் வேலை. முதலில் கைகளை எண்ணுங்கள், மூன்றுதான் இருக்கும். சிவன் பாதியில் இரண்டு, அம்மை பாதியில் ஒன்று. அப்புறம் இடுப்பைப் பாருங்கள். ஒரு பக்கம் நேராக இறங்குகிறது, மறு பக்கம் வளைந்து ஒசிகிறது. ஆடையும் ஒரு தொடையில் நின்றுவிட்டு மறு காலில் கீழே வரை போகிறது. இத்தனை வேறுபாடு இருந்தும் நடுவில் ஒட்டுப் போட்ட கோடு எங்கும் தெரியாது. இரண்டு பாதியும் ஒரே உடம்பாக நிற்கிறது.

மற்றத் திருமேனிகளின் பீடத்தையும் குனிந்து பாருங்கள். பக்கவாட்டில் வளையமோ துளையோ இருக்கும். உற்சவத்தின்போது கம்பு கோத்துத் தூக்கிப் போவதற்காக வைத்தது. இவை ஓரிடத்தில் நிற்கச் செய்தவை அல்ல, வீதி உலா வந்தவை என்பது அந்தத் துளைகளைப் பார்த்தால்தான் மனதில் படும்.

அடுத்தது அமராவதிக் கூடம். ஆந்திரத்து அமராவதியில் இருந்த பெளத்தத் தூபியின் சுண்ணாம்புக்கல் பலகைகள் இங்கே இருக்கின்றன. அங்கிருந்து போன இன்னொரு பெரிய பகுதி லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பழைய பலகைகளில் புத்தரை உருவமாகச் செதுக்கவில்லை. வெறும் இருக்கை, பாதச் சுவடு, மரம் என்று குறிப்பால் காட்டியிருப்பார்கள். காலத்தால் பிந்தியவற்றில் ஆள் உருவம் வந்துவிடுகிறது. இந்த ஒன்றைத் தெரிந்துகொண்டு போனால் கூடம் முழுவதும் கதை சொல்லும். தெரியாமல் போனால் வரிசையாக வெள்ளைக் கல்தான். வளாகத்துக்கு மொத்தமாக இரண்டரை மணி நேரம் ஒதுக்குங்கள். கேமராவுக்குத் தனிக் கட்டணம்.

அடையாள அட்டை இல்லாமல் கோட்டைக்குப் போவது

புனித ஜார்ஜ் கோட்டை சுற்றுலாத் தலம் மட்டும் அல்ல. தலைமைச் செயலகமும் சட்டமன்றமும் அதற்குள்தான். அசல் அடையாள அட்டையைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். சட்டமன்றம் நடக்கும் நாள்களில் கெடுபிடி கூடும். குடியரசு தினத்துக்கும் சுதந்திர தினத்துக்கும் முந்தைய நாள்களில் காமராஜர் சாலையிலும் கோட்டைப் பக்கமும் ஒத்திகை நடக்கும். காலை நேரத்தில் போக்குவரத்தைத் திருப்பிவிடுவார்கள்.

உள்ளே அருங்காட்சியகத்தோடு நிறுத்திக்கொள்ளாமல் 1680-இல் திறந்த புனித மரியாள் ஆலயம் வரை நடந்து போங்கள். ராபர்ட் கிளைவின் திருமணம் 1753-இல் நடந்தது இங்கேதான். ஆலயத்தைச் சுற்றித் தரையில் பாவியிருப்பவை தளக்கற்கள் அல்ல, பழைய கல்லறைக் கற்கள். லத்தீன் எழுத்துகள் காலடியில் இருப்பதைக் கவனிக்காமல் மிதித்துக்கொண்டே போகிறார்கள்.

மெரினாவில் சூரிய அஸ்தமனம் தேடுவது

சிரிக்க வேண்டாம், ஆண்டுதோறும் நடப்பதுதான். மெரினா கிழக்குக் கடற்கரை. சூரியன் கடலில் உதிக்கும், மறைவதோ ஊருக்குள். கடலில் சூரியனைப் பார்க்க வேண்டும் என்றால் காலை ஐந்தே முக்காலுக்கு மணலில் இருங்கள்.

இரண்டாவது விஷயம் விளையாட்டல்ல. இங்கே குளிக்கத் தடை இருக்கிறது. கரையிலிருந்து கொஞ்ச தூரத்திலேயே ஆழம் கூடிவிடும், திரும்பும் அலை காலுக்கடியில் மணலை அரித்துக்கொண்டு உள்ளே இழுக்கும். நீச்சல் தெரிந்தவர்களும் மாட்டிக்கொள்வது இப்படித்தான். கணுக்கால் நனைய நின்றால் போதும். மணல் பரப்பு இவ்வளவு அகலமாக இருப்பதற்குக் காரணம் வடக்கே இருக்கும் துறைமுகம். அதன் சுவர் தெற்கிலிருந்து வரும் மணலைத் தடுத்து இங்கே சேர்க்கிறது. அந்த மணல் போய்ச் சேராத ராயபுரம் பக்கம் கடல் கரையைத் தின்கிறது. நடுப்பகலில் அந்த அகலத்தை வெறுங்காலோடு கடக்க நினைக்காதீர்கள்.

மாமல்லபுரத்துக்குப் போகும் வழியிலேயே எல்லாவற்றையும் பார்ப்பது

காலையில் கிளம்பி, வழியில் முட்டுக்காடு, தட்சிணசித்ரா, முதலைப் பண்ணை என்று ஒவ்வொன்றாக இறங்கி ஏறினால் மாமல்லபுரம் போய்ச் சேர மதியம் ஒரு மணி. நிழலே இல்லாத பாறைகளுக்கு நடுவே அந்த வெயிலில் எதையும் பார்க்க முடியாது. தலைகீழாகச் செய்யுங்கள். சின்னங்களைக் காலை ஆறு மணிக்கே திறந்துவிடுவார்கள். விடியற்காலையில் கிளம்பி நேராக மாமல்லபுரம் போய், பத்தரைக்குள் முடித்துவிட்டு, திரும்பும் வழியில் மற்றவற்றைப் பாருங்கள். தட்சிணசித்ராவின் பழைய வீடுகளுக்குள் மதியத்திலும் நிழல் உண்டு. முதலைப் பண்ணை திங்கள் மூடும், தட்சிணசித்ரா செவ்வாய் மூடும் என்பதால் இரண்டையும் பார்க்க புதன் முதல் வெள்ளி வரை வசதி. ஞாயிறு மாலை அந்தச் சாலையில் ஊர் திரும்பும் நெரிசலைச் சொல்ல வேண்டியதில்லை.

முதலில் அர்ச்சுனன் தபசு. பாறை கிழக்கு பார்த்தது, காலை வெளிச்சம் நேராக விழும். யானைகளை எல்லோரும் பார்க்கிறார்கள். பெரிய யானைக்கு முன்னால் கீழே, முன்னங்கால்களைத் தலைக்கு மேல் தூக்கித் தவம் செய்யும் பூனையையும் அதைச் சுற்றி நிற்கும் எலிகளையும் தவறவிடாதீர்கள். மேலே ஒற்றைக் காலில் நிற்கும் தவசியைத்தான் அந்தப் பூனை நக்கல் செய்கிறது. கடற்கரைக் கோயிலுக்கும் ஐந்து ரதங்களுக்கும் ஒரே டிக்கெட், முதல் இடத்தில் வாங்கியதைத் தூக்கிப் போட்டுவிட்டு இரண்டாவது இடத்தில் மறுபடி வாங்க வேண்டாம். ரதங்களுக்கும் பாண்டவர்களுக்கும் சம்பந்தம் இல்லை, பிற்காலத்தில் வந்து ஒட்டிய பெயர்கள். பாறையை மேலிருந்து கீழாகக் குடைந்ததால்தான் பல ரதங்களின் அடிப்பகுதி வேலை முடியாமல் நிற்கிறது.

பெயரை நம்பி இறங்குவது

தென் மாவட்டங்களிலிருந்து அரசு விரைவுப் பேருந்தில் வருகிறவர்கள் இறங்குவது இப்போது கோயம்பேட்டில் அல்ல, 2023 டிசம்பரில் திறந்த கிளாம்பாக்கம் நிலையத்தில். அங்கிருந்து வண்டலூர் பூங்கா சில கிலோமீட்டர்தான். இது தெரியாமல் முப்பது கிலோமீட்டர் ஊருக்குள் போய் அறை எடுத்து, மறுநாள் அதே வழியில் பூங்காவுக்குத் திரும்பி வருகிறார்கள். வந்த அன்றோ, ஊருக்குத் திரும்பும் அன்றோ பூங்காவை வைத்துக்கொள்ளுங்கள். காலை ஒன்பதுக்குத் திறந்ததும் நுழைந்தால்தான் விலங்குகள் நடமாடும், மதியத்தில் எல்லாம் படுத்துவிடும். ஆயிரம் ஏக்கருக்கு மேல் பரப்பு, பெரியவர்கள் கூட இருந்தால் பேட்டரி வண்டிக்கு முதலிலேயே டிக்கெட் எடுத்துவிடுங்கள்.

பறக்கும் ரயிலில் ‘கலங்கரை விளக்கம்’ என்று ஒரு நிலையம் உண்டு. இறங்கினால் எதிரே விளக்கம் நிற்காது, கால் மணி நேரம் நடக்க வேண்டும். கபாலீசுவரர் கோயிலுக்குத் திருமயிலை நிலையம் சரி. இரண்டாம் கட்ட மெட்ரோ வேலையால் மயிலாப்பூர் பக்கம் சாலைகள் அவ்வப்போது ஒருவழி ஆகின்றன, பழைய வழியைக் கேட்டுக்கொண்டு ஆட்டோவில் ஏறினால் சுற்றிச் சுற்றிப் போவீர்கள். ஆட்டோவில் மீட்டர் போடச் சொல்லி வாதாடி நேரத்தை வீணாக்காதீர்கள், ஆப்பில் காட்டும் தொகையைப் பார்த்துவிட்டுப் பேரம் பேசுங்கள்.

இரவு ரயிலில் ஊருக்குத் திரும்புகிறவர்கள் பையைச் சுமந்துகொண்டு அலைய வேண்டாம். சென்ட்ரலிலும் எழும்பூரிலும் கிளாக் ரூம் இருக்கிறது. ரயில் டிக்கெட்டைக் காட்ட வேண்டும், பையில் பூட்டு இருக்க வேண்டும். பூட்டு இல்லாத பையை வாங்க மாட்டார்கள். ஊரிலிருந்து கிளம்பும்போதே சின்னப் பூட்டு ஒன்றை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.