மலை வேட்டைக்கு எடை குறைந்த கூடாரம்: எதைப் பார்த்து வாங்குவது?

விளம்பரத்தில் போடும் எடையை அப்படியே நம்பாதீர்கள். தரையில் அடிக்கும் முளை, கயிறு, உறை எல்லாவற்றையும் கழித்துவிட்டுச் சொன்ன எடையாக அது இருக்கலாம். அவற்றையும் சேர்த்து ஒருவருக்கு 1.5 கிலோ, இருவருக்கு 2.5 கிலோவுக்குள் இருக்கட்டும். ‘இருவர் கூடாரம்’ என்பதில் ஒரு ஆளும் அவர் பையும் துப்பாக்கியும்தான் தாராளமாக அடங்கும்.

நடைக்கோலை நட்டு நிறுத்தும் வகை எடை மிகக் குறைவு. ஆனால் வேட்டைக்குப் போகிறவருக்கு இதில் ஒரு சிக்கல்: காலையில் கோலை உருவிக்கொண்டு கிளம்பினால் கூடாரம் சரிந்துவிடும். ஒரே இடத்தில் பல நாள் தங்குவதென்றால் தனியாக ஒரு கார்பன் கம்பம் தேவை. முளை இறங்காத பாறைத் தரைக்குத் தானே நிற்கும் குவிமாட வகைதான் சரி. அதையும் கல்லில் கயிறு சுற்றி இறுக்கிவிடுங்கள், காற்று தூக்கிவிடும்.

சிலிகான் பூசிய நைலான் ஈரத்தில் நீண்டு தொய்யும். படுக்கும் முன் கயிறுகளை மறுபடி இழுத்துக் கட்ட வேண்டும். பாலியஸ்டர் அவ்வளவு தொய்யாது. ஒரே அடுக்குத் துணியாலான ஒற்றைச் சுவர் கூடாரத்தில் மூச்சின் ஈரம் உள்பக்கம் துளிர்த்துத் தூக்கப்பையை நனைக்கும். மேலும் கீழும் காற்றுவழி இல்லாததை வாங்கவே வேண்டாம்.

வாங்கியதும் வீட்டிலேயே நிறுத்தி, உள்ளே படுத்துப் பாருங்கள். தூக்கப்பையின் கால்முனை துணியில் உரசினால் நீளம் போதாது, மாற்றிவிடுங்கள்.