ஊரில் இருக்கிற அம்மாவுக்கு 2 நிமிடக் குரல் பதிவு

வன்னியில் இருக்கும் அம்மா, அம்மம்மாவோடு நாளாந்தம் பேச நேரம் வாய்க்காதவர்கள், வேலைக்குப் போகும் வழியில் வட்ஸ்அப்பில் 2 நிமிடக் குரல் பதிவு ஒன்றை அனுப்பிவிடுங்கள்.

ரொறன்ரோவுக்கும் கிளிநொச்சிக்கும் கோடையில் 9½ மணித்தியாலம், குளிர்காலத்தில் 10½ மணித்தியாலம் வித்தியாசம். இங்கே 5 மணிக்கு வேலை முடியும்போது அங்கே நள்ளிரவு தாண்டிவிடும். உட்கிராமங்களில் சிக்னல் விட்டுவிட்டு வரும் இடங்களில் வீடியோ அழைப்பு பாதியிலேயே அறுந்துபோகும். குரல் பதிவோ சிக்னல் கிடைத்ததும் தானாக இறங்கிவிடும், டேட்டாவும் மிகக் குறைவு. எல்லாவற்றையும் விட, அதைத் திரும்பத் திரும்பக் கேட்கலாம். பிள்ளைகளையும் இரண்டு வசனம் தமிழில் சொல்ல வையுங்கள், தடுமாறினாலும் பரவாயில்லை. அம்மம்மாவுக்கு அந்தக் குரல்தான் வேண்டும்.

காது மந்தமானவர்களுக்கும், தனியாக போனைக் கையாளத் தெரியாதவர்களுக்கும் இது சரிவராது. சுகவீனம், காணி, காசு விஷயங்களையும் பதிவில் பேச வேண்டாம். அவற்றுக்கு ஞாயிறு காலை, ஊரில் மாலையாக இருக்கும்போது, நேரே அழைத்துப் பேசுங்கள்.