சந்து வைத்த ஸ்கேலில் குவில்ட் துணி வெட்டுவது

எங்கள் அத்தை துணி வெட்டினால் கத்தரி ஒரே மூச்சில் போகும், சாக்பீஸ் கோடு துளி விலகாது. எனக்கு அந்தக் கை வாய்க்கவில்லை. ஜாக்கெட்டில் கொஞ்சம் தவறினால் டாட் பிடித்துச் சமாளிக்கலாம். குவில்ட் என்பது துண்டுத் துணிகளைச் சேர்த்துத் தைக்கும் போர்வை; குழந்தைப் போர்வைக்கு எண்பது சதுரம் வேண்டும். ஒவ்வொன்றும் நூலளவு பிசகினாலே கடைசி வரிசையில் மூலையும் மூலையும் சேராது. அதனால்தான் ரோட்டரி கட்டருக்கு வந்தேன்.

1979-ல் ஜப்பானின் ஒல்ஃபா கம்பெனி கொண்டுவந்த கருவி இது. பார்க்க பீட்சா வெட்டும் சக்கரம் மாதிரி இருக்கும், கூர்மை மட்டும் ஷேவிங் பிளேடு. 45 மி.மீ. அளவு வாங்குங்கள். 28 வளைவுகளுக்குத்தான் லாயக்கு, நாலு மடிப்புத் துணியில் திணறும். கூடவே வெட்டினால் தழும்பு நிற்காத மேட் ஒன்று. அப்புறம் ஸ்கேல்: கனமான அக்ரிலிக், அரை இஞ்சுக்கு ஒரு நீளச் சந்து, கட்டர் அதற்குள் ஓடும். சாதாரண ஸ்கேலை ஒவ்வொரு பட்டைக்கும் நகர்த்தி நகர்த்தி வைக்க வேண்டும்; நகர்த்தும்போதெல்லாம் ஒரு மயிரிழை போகும். இதை ஒருதரம் வைத்தால் பல பட்டை வந்துவிடும். ஸ்கேல் இஞ்ச் என்றால் இஞ்சிலேயே இருங்கள். மேட்டில் அச்சடித்த சென்டிமீட்டரை நம்பிப் பாதியில் தாவினால் குழம்பிப்போகும்.

நான் செய்யும் கணக்கு இதுதான். 44 இஞ்ச் அகல காட்டன், ஐந்து நிறம், நிறத்துக்கு 30 செ.மீ. ஒவ்வொன்றிலும் 5 இஞ்ச் பட்டை இரண்டு, பட்டைக்கு 8 சதுரம். ஆக 80. கால் இஞ்ச் தையல் விட்டு 8-க்கு 10 வரிசையாகச் சேர்த்தால் போர்வை 36-க்கு 45 இஞ்ச்.

துணியை நனைத்துக் காயவைத்து, லேசாகக் கஞ்சி போட்டு, மொடமொடவென்று இஸ்திரி போடுங்கள். தொளதொளப்பான துணி பிளேடுக்கு முன்னால் ஓடும்.

மடிப்பதில்தான் எல்லாமே இருக்கிறது. கடைக்காரர் வெட்டிய ஓரம் கோணலாகத்தான் இருக்கும், அதை ஒன்றோடொன்று சேர்க்காதீர்கள். துணியின் இரண்டு பக்கமும் பிரியாமல் நெய்திருக்கும் கரையை, கரையோடு கரை சேர்த்து இரண்டு கையாலும் தூக்கிப் பிடியுங்கள். கீழே தொங்கும் மடிப்பு முறுக்கிக்கொண்டு நிற்கும். ஒரு கரையை மட்டும் இடமோ வலமோ மெல்ல நகர்த்திக்கொண்டே வந்தால் ஓரிடத்தில் முறுக்கு விட்டு மடிப்பு நேராகத் தொங்கும். அதுதான் சரியான இடம். அப்படியே மேட்டில் கிடத்தி, மடிப்பைக் கரைவரை தூக்கி இன்னொரு மடி. 44 இஞ்ச் இப்போது 11 ஆகிவிட்டது. என் ஸ்கேலின் 12 இஞ்ச் சந்துக்குள் அடங்கும்.

மடிப்பு உங்கள் பக்கம் இருக்கட்டும். ஸ்கேலின் குறுக்குக் கோடு ஒன்றை அதன் மேல் பொருத்துங்கள். பூஜ்யம் சந்து கோணல் ஓரத்துக்குச் சற்று உள்ளே வரவேண்டும். இந்த முதல் வெட்டு மடிப்புக்குச் செங்குத்தாக இல்லையென்றால் பட்டையை விரிக்கும்போது மடிப்பு இருந்த இடத்தில் முழங்கை மடக்கினது மாதிரி வளைந்திருக்கும். என் முதல் போர்வையில் ஆறு பட்டை அப்படிப் போய், பொம்மைக்குப் பஞ்சாக அடைத்தேன்.

கட்டரை மடிப்புக்குக் கீழே, சந்தின் வாயில், மேட்டில் பதிய வையுங்கள். உங்களைவிட்டு வெளிப்பக்கமாக ஒரே தள்ளு. முன்னும் பின்னும் அறுக்க வேண்டாம். பிளேடு நிமிர்ந்தே போகவேண்டும். சாய்த்தால் அக்ரிலிக்கைச் சீவும், வெள்ளைத் தூள் விழும், சந்து அகன்றுவிடும். சந்து இருக்கிறதே என்று கையை அலட்சியமாக விரிக்காதீர்கள். வெட்டப்போகும் சந்தின் மேல் ஒரு விரல் தொங்கினாலும் போச்சு.

அடுத்து, ஸ்கேலை அசைக்காமல் 5, பிறகு 10. இங்கே ஒரு வேலை செய்யுங்கள்: 0, 5, 10 சந்துகளின் தலையில் ஸ்டிக்கர் பொட்டு ஒட்டுங்கள். கண்ணாடி போடாமல் நாலரையில் ஓட்டி நல்ல நீலத் துணியைப் பாழாக்கிய பிறகு வந்த புத்தி இது. நெற்றியிலிருந்து எடுத்ததே போதும்.

சதுரத்துக்கு, பட்டையில் ஒரு மடிப்பைப் பிரித்துவிட்டு இரண்டு அடுக்காகப் படுக்க வையுங்கள். கரை இடப்பக்கம். பூஜ்யத்தில் கரையை எடுத்துவிட்டு 5, 10. ஸ்கேலை நகர்த்தி, வெட்டின ஓரத்தில் பூஜ்யத்தை வைத்து மறுபடி 5, 10. மடிப்புப் பக்கம் மிஞ்சும் துண்டு ஊசி மெத்தைக்கு ஆகும். இடக்கைக்காரர்கள் எல்லாவற்றையும் வலமிருந்து தொடங்கினால் சரி.

வெட்டின கோட்டில் ஒரே இடைவெளியில் நூல் அறுபடாமல் நின்றால் பிளேடில் பல் விழுந்திருக்கிறது; பெரும்பாலும் குண்டூசி மேல் ஏறியிருப்பீர்கள். மாற்றுங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் பிறகு உறையை மூடுங்கள். மேட்டை வெயிலிலோ இஸ்திரிப் பெட்டிக்குக் கீழோ வைத்தால் அப்பளமாக நெளிந்துவிடும், திரும்ப நேராகாது. பழைய பிளேடுகளை நான் ஒரு மாத்திரை டப்பாவில் போட்டு டேப் சுற்றி வைக்கிறேன். தூக்கிப் போடவில்லை, பேப்பர் வெட்ட இன்னும் ஆகும்.