உலகின் சிறந்த பந்தயக் குதிரைகள் பட்டியலைப் படிப்பது எப்படி? தொடக்கநிலையினருக்கான செய்முறை விளக்கம்

உலகின் சிறந்த பந்தயக் குதிரைகளின் பட்டியலைச் சர்வதேசக் குதிரைப் பந்தய அமைப்புகளின் கூட்டமைப்பு வெளியிடுகிறது. 1977-இல் பிரிட்டன், அயர்லாந்து, பிரான்சு ஆகிய மூன்று நாடுகளின் ஹேண்டிகேப்பர்கள் (குதிரைகளின் தரத்தை எடைக் கணக்கில் மதிப்பிடும் அதிகாரிகள்) ஒன்றுகூடித் தொடங்கிய மதிப்பீட்டு முறைதான் படிப்படியாக விரிந்து, 2004-இல் உலகப் பட்டியலாயிற்று. 2013 முதல் அது லான்ஜின் கடிகார நிறுவனத்தின் பெயரைத் தாங்கி வருகிறது. பட்டியலில் உள்ள எண்கள் எங்கிருந்து வருகின்றன என்பது தெரிந்துவிட்டால், பந்தயம் பார்ப்பதற்குப் புதியவரும் அதைத் தாமே சரிபார்த்துப் படிக்கலாம்.

படி 1: எண் எதைக் குறிக்கிறது என்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள்

ஒவ்வொரு குதிரைக்கும் எதிரே ஓர் எண் இருக்கும். அது பவுண்டு எடையில் சொல்லப்படும் மதிப்பீடு. ஒரு குதிரைக்கு 126, இன்னொன்றுக்கு 120 என்றால், முதல் குதிரை ஆறு பவுண்டு கூடுதலாகச் சுமந்து ஓடினால் இரண்டும் சமமாக முடிக்கும் என்பது மதிப்பீட்டாளர்களின் கணிப்பு. ஆண்டு இறுதிப் பட்டியலில் 115-உம் அதற்கு மேலும் பெற்ற குதிரைகள் இடம்பெறுகின்றன.

இந்த எண், குதிரை அந்த ஆண்டில் ஓடிய மிகச் சிறந்த ஓட்டத்துக்கு உரியது. வென்ற பந்தயங்களின் எண்ணிக்கையும் ஈட்டிய பரிசுத் தொகையும் கணக்கில் வருவதில்லை. 2018-இல் ஆஸ்திரேலியாவின் வின்க்ஸ் ஓடிய பந்தயம் எதிலும் தோற்கவில்லை. பிரிட்டனின் கிராக்ஸ்மன் என்ற குதிரை ஜூன் மாதம் இங்கிலாந்தின் அஸ்காட் பந்தயத் திடலில் தோற்றது. ஆயினும் அக்டோபரில் அதே அஸ்காட்டில் சாம்பியன் ஸ்டேக்ஸ் பந்தயத்தை ஆறு குதிரை நீள இடைவெளியில் வென்ற கிராக்ஸ்மன், 130 பெற்று வின்க்ஸுடன் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டது. இது வின்க்ஸுக்கு இழைக்கப்பட்ட அநீதி என்று வாதிட்டவர்கள் உண்டு. ஆனால் பட்டியல் அளப்பது உச்சத்தை மட்டுமே. தொடர்ந்து 33 பந்தயங்களை வென்ற அந்தக் குதிரையின் பெருமையை வேறொரு அளவுகோலில்தான் பார்க்க வேண்டும்.

படி 2: தூரத்தையும் தரையையும் பாருங்கள்

எண்ணுக்கு அருகில் ஓர் ஆங்கில எழுத்து இருக்கும். எஸ் என்பது 1000 முதல் 1300 மீட்டர் வரையிலான குறுந்தூரம். எம் என்பது 1301 முதல் 1899 வரை. ஐ என்பது 1900 முதல் 2100 வரை. எல் என்பது 2101 முதல் 2700 வரை. அதற்கு மேல் இ. அமெரிக்காவிலும் கனடாவிலும் மட்டும் குறுந்தூரப் பிரிவு 1599 மீட்டர் வரை நீள்கிறது. புல்தரை, மண்தரை, செயற்கைத் தரை ஆகியவையும் தனித்தனியே குறிக்கப்பட்டிருக்கும். குறுந்தூரத்தில் 125 பெற்ற குதிரை நெடுந்தூரத்திலும் அதே தரத்தில் ஓடும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

படி 3: ஒரு மதிப்பீட்டை நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்

இந்தப் படியில் அவசரம் வேண்டாம். பட்டியலின் உயிர் இங்கேதான் இருக்கிறது. குதிரைகளுக்கு இடையே உள்ள இடைவெளியைக் குதிரை நீளத்தில் சொல்வார்கள். அதைப் பவுண்டாக மாற்றுவதற்குத் தூரம் தெரிய வேண்டும்: ஏறத்தாழ 1000 மீட்டரில் ஒரு நீளத்துக்கு 3 பவுண்டு, 1600 மீட்டரில் 2 பவுண்டு, 2400 மீட்டரில் ஒன்றரைப் பவுண்டு.

எடுத்துக்காட்டாக, 1600 மீட்டர் பந்தயம் ஒன்றில் எல்லாக் குதிரைகளும் ஒரே எடையைச் சுமக்கின்றன என்று கொள்வோம். வென்ற குதிரைக்கும் இரண்டாவதற்கும் மூன்று நீளம். இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் ஒரு நீளம். மூன்றாவதாக வந்த குதிரை முந்தைய பந்தயங்களில் தொடர்ந்து 118 என்ற தரத்தில் ஓடியிருக்கிறது என்றால், இரண்டாவதற்கு 120, வென்றதற்கு 126 என்று கணக்கு வரும். இரண்டாவது குதிரையின் பழைய மதிப்பீடு 116 மட்டுமே என்றால் என்ன செய்வது? அதை அளவுகோலாகக் கொண்டால் வென்ற குதிரைக்கு 122-தான் கிடைக்கும். இரண்டு விடைகளுக்கும் நடுவே நான்கு பவுண்டு வேறுபாடு.

இங்கேதான் ஹேண்டிகேப்பரின் தீர்ப்பு தேவைப்படுகிறது. தன் வழக்கமான தரத்தில் ஓடிய குதிரை எது என்று அவர் தேடுகிறார். அதே பந்தயத்தின் முந்தைய ஆண்டு வெற்றியாளர்கள் பெற்ற மதிப்பீடுகளையும் ஒப்பிடுகிறார். பின்னர் மற்ற நாட்டு மதிப்பீட்டாளர்களுடன் விவாதித்து எண்ணை முடிவுசெய்கிறார். பின்னால் வந்த குதிரைகள் அடுத்த பந்தயங்களில் எப்படி ஓடுகின்றன என்பதைப் பார்த்து, அந்த எண் ஆண்டின் நடுவே கூட்டப்படவும் குறைக்கப்படவும் கூடும். ஆகவே, இரண்டு மூன்று குதிரைகளை மாற்றி மாற்றி அளவுகோலாக வைத்துக் கணக்கிட்டுப் பழகுங்கள்.

படி 4: எடைச் சலுகைகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள்

மூன்று வயதுக் குதிரை மூத்த குதிரைகளுடன் ஓடும்போது வயதுக்கேற்பக் குறைந்த எடையைச் சுமக்கும். மதிப்பீட்டில் இந்தச் சலுகை ஈடுசெய்யப்பட்டுவிடுவதால், அதை நீங்கள் தனியாகக் கழிக்க வேண்டியதில்லை. பெண் குதிரைக்கான சலுகை அப்படியன்று. ஐரோப்பாவில் அது பொதுவாக 3 பவுண்டு. 120 தரமுள்ள ஆண் குதிரையை ஒரு பெண் குதிரை 1600 மீட்டரில் இரண்டு நீளத்தில் வென்றால், 120 உடன் 4 கூட்டி, சுமக்காத 3 பவுண்டைக் கழித்து 121 என்றே எழுதுவார்கள்.

எனவே பட்டியலில் ஆண் குதிரையும் பெண் குதிரையும் ஒரே எண்ணில் நின்றால், சலுகையுள்ள பந்தயத்தில் பெண் குதிரைக்கே சாதகம். 2019-இல் எனேபிள் என்ற பெண் குதிரையும், கிரிஸ்டல் ஓஷன், வால்ட்கைஸ்ட் ஆகிய ஆண் குதிரைகளும் 128 பெற்று முதலிடத்தில் நின்றன. எண்ணின்படி எனேபிள் 3 பவுண்டு முன்னே இருக்க வேண்டும். ஆனால் அந்த ஆண்டு அக்டோபரில் பாரிஸில் நடந்த ஆர்க் பந்தயத்தில் வால்ட்கைஸ்ட் எனேபிளை வென்றது. எனேபிளின் 128 வேறொரு நாளுக்கு உரியது.

படி 5: ஆண்டுகளை ஒப்பிடும்போது கவனமாக இருங்கள்

இதுவரை வழங்கப்பட்ட மிக உயர்ந்த எண் 140. அதை 2012-இல் பிரிட்டனின் பிராங்கலும், 2022-இல் அமெரிக்காவின் பிளைட்லைனும் பெற்றன. பழைய அச்சுப் பிரதிகளைப் புரட்டினால் 1986-ஆம் ஆண்டின் டான்சிங் பிரேவுக்கு 141 என்று காண்பீர்கள். பழைய பட்டியல்களின் எண்கள் மிகுதியாக இருந்தன என்று கருதிய கூட்டமைப்பு, 2013 ஜனவரியில் அவற்றை மறுசீரமைத்தபோது அது 138 ஆனது. பிராங்கலை மேலே ஏற்றுவதற்காகவே பழையவற்றைக் குறைத்தார்கள் என்று சிலர் குறைகூறினர். பழைய பட்டியல்களின் தரப்போக்கை வரிசையாகப் பார்த்தால் திருத்தம் தேவையானது என்றே எனக்குத் தோன்றுகிறது.

டைம்பார்ம் என்ற பிரிட்டிஷ் நிறுவனமும் தனியாக மதிப்பீடு தருகிறது. அதில் பிராங்கலுக்கு 147. அந்த அளவுகோல் வேறு என்பதால், இரண்டு எண்களையும் ஒரே அட்டவணையில் கலக்கக் கூடாது.

படி 6: பயிற்சி

அடுத்த பெரிய பந்தயத்தின் முடிவை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் நான்கு குதிரைகளின் பெயர், சுமந்த எடை, இடைவெளி, பந்தயத்துக்கு முந்தைய மதிப்பீடு ஆகியவற்றை ஒரு தாளில் வரிசையாக எழுதி, மூன்றாம் நான்காம் படிகளின்படி வெற்றியாளருக்கு ஓர் எண் போடுங்கள். அடுத்த உலகப் பட்டியல் வெளிவரும்போது அதிகாரபூர்வ எண்ணுடன் ஒப்பிடுங்கள். இரண்டு பவுண்டுக்குமேல் வேறுபட்டால், அவர்கள் எந்தக் குதிரையை அளவுகோலாகக் கொண்டிருப்பார்கள் என்று பின்னோக்கிக் கணக்கிட்டுப் பாருங்கள். பெரும்பாலும் இரண்டாவது அல்லது நான்காவது குதிரையின் பழைய ஓட்டத்தில் விடை கிடைக்கும்.